புவா பிங்காங் வலி என்றால் எங்கே வலி?

கோலாலம்பூர் கிளினிக்குகளில் ஒருவர் "டாக்டர், சாக்கிட் பிங்காங்" என்று சொன்னால், அது முதுகு வலியாகவும் இருக்கலாம், கிட்னி வலியாகவும் இருக்கலாம். மலாய்க்காரர் சிறுநீரகத்தையே புவா பிங்காங், அதாவது இடுப்புப் பழம், என்றுதான் சொல்கிறார். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்றார்கள். பழமோ காயோ, இரண்டு பெயரும் அந்த உறுப்பைப் பின்பக்கத்தில்தான் வைக்கின்றன. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பகுதியில், அதாவது வயிற்று உறைக்குப் பின்னால் இருக்கும் பின்னறையில் (ரெட்ரோபெரிட்டோனியம்), தடுமாறக் காரணம், புத்தகப் படங்கள் எல்லாமே முன்னாலிருந்து வரையப்பட்டவை. குடலை எல்லாம் எடுத்துப் போட்ட பிறகு தெரிகிற காட்சியைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். முதுகிலிருந்து தொடங்கிப் பாருங்கள், பாதிச் சுமை குறையும்.

நண்பரைக் குப்புறப் படுக்கவைத்து, அழியும் மார்க்கரை எடுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புகள் இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் அது எல்4, அதாவது நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. அங்கிருந்து முள்முனைகளை எண்ணியபடி மேலே போய், எல்3, டி11 (பதினோராவது மார்பு முள்ளெலும்பு) இரண்டின் மட்டத்திலும் குறுக்குக் கோடு போடுங்கள். நடுக்கோட்டிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக் கோடு, 9 செ.மீ. தள்ளி இன்னொன்று. இந்தக் கட்டத்துக்குள்தான் சிறுநீரகம் இருக்கிறது. கல்லீரல் மேலே உட்கார்ந்திருப்பதால் வலது பக்கம் சற்றுக் கீழே இருக்கும். எல்4 கோட்டை அழித்துவிடாதீர்கள். தண்டுவட நீர் எடுக்கும் ஊசிக்கும் அதுதான் அடையாளம், பெருந்தமனி இரண்டாகப் பிரிவதும் அதே மட்டத்தில்தான்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி உண்டு. நுரையீரல் உறை 12ஆவது விலா எலும்பின் உள்பாதிக்குக் கீழே வரை இறங்கி வரும். சிலருக்கு அந்த விலா மிகக் குட்டையாக இருப்பதால் கைக்கே தட்டாது. தடவிப் பார்ப்பவர் 11ஆவதை 12ஆவது என்று எண்ணி, கிட்னியை அடைய அதன் கீழே கத்தி வைத்தால், நெஞ்சறைக்குள் காற்று புகுந்துவிடும். விலாவைக் கையால் எண்ணியது போதாது, எக்ஸ்ரேயிலும் எண்ண வேண்டும்.

பின்சுவரின் தசைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: நடுவே சோவாஸ் (ஆங்கிலத்தில் psoas, முதல் எழுத்தை உச்சரிக்க வேண்டாம்), அதற்கு வெளியே குவாட்ரேட்டஸ் லம்போரம், கீழே இலியாக்கஸ். மூன்றில் முக்கியமானது சோவாஸ். டி12இல் தொடங்கி, இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கவாட்டிலிருந்து நார்நாராக இறங்கி, தொடையெலும்பின் சிறு முண்டில் போய் ஒட்டுகிறது. இடுப்பு நரம்புப் பின்னல் இந்தத் தசைக்குள்ளேதான் புதைந்திருக்கிறது. பெயர்களை உருப்போடுவதைவிட, எந்த நரம்பு எந்த ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது என்று வரைந்து பாருங்கள். முன்புறத்தைத் துளைத்து வருவது ஜெனிட்டோஃபெமோரல் மட்டும். உள் ஓரத்தில் ஆப்டுரேட்டர். மற்றவை வெளி ஓரத்தில். அவற்றில் மிகத் தடித்தது ஃபெமோரல், எல்2 முதல் எல்4 வரை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் திடீரென்று இடுப்பு மடிப்பில் வலி, முட்டியை நீட்டப் பலமில்லை, முன்தொடை மரத்துவிட்டது, காலை மடக்கியே வைத்திருக்கிறார் என்றால், இந்தத் தசையின் உறைக்குள் இரத்தம் தேங்கி நரம்பை நசுக்குகிறது. எலும்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் கால் பலம் திரும்பாமலே போகலாம்.

அதே உறை சீழுக்கும் வழி. முதுகெலும்புக் காசநோயின் சீழ், தசையுறைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கித் தொடை மடிப்பில் கட்டியாகப் புடைக்கும். பார்த்தவர் ஹெர்னியா என்பார். தொடைத் தமனியின் துடிப்பைத் தேடுங்கள்: ஃபெமோரல் ஹெர்னியா துடிப்புக்கு உள்பக்கம், சோவாஸ் சீழ் பெரும்பாலும் வெளிப்பக்கம். நம் ஊரில் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்து, மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்பவருக்கு மெலியாய்டோசிஸ் கிருமியும் இதே இடத்தில் சீழ் கட்டும். சீழை எடுத்தால் இரண்டுக்கும் சேர்த்தே கல்ச்சருக்கு அனுப்புங்கள், ஏனென்றால் மருந்து முற்றிலும் வேறு.

இரத்தக் குழாய்களில் இடது சிறுநீரகச் சிரைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கீழ்ப் பெருஞ்சிரை வலப்பக்கம் இருப்பதால், இடது சிரை பெருந்தமனியைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. அதன் நீளம் சுமார் 7.5 செ.மீ., வலதுக்கு 2.5 தான். உயிரோடிருப்பவர் கிட்னி தானம் செய்யும்போது பெரும்பாலும் இடதையே எடுப்பது இதனால்தான், தைக்க வசதியான நீளம் கிடைக்கிறது. அந்தப் பயணத்தில் சிரை, பெருந்தமனிக்கும் மேல் குடல் தமனிக்கும் நடுவே பாக்குவெட்டியில் மாட்டிய பாக்குப் போல நுழைகிறது. அங்கே நசுங்கினால் சிறுநீரில் இரத்தம் வரலாம். இடது விரைச்சிரையும் செங்குத்தாக இதில்தான் விழுகிறது, அதனால்தான் விரைச்சிரை வீக்கம் பெரும்பாலும் இடது பக்கம். வயதான ஒருவருக்கு அது திடீரென்று தோன்றி, படுத்தாலும் வடியவில்லை என்றால், விதைப்பையோடு நிறுத்தாமல் கிட்னியையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் எழுத்துச் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். விவா என்ற வாய்மொழித் தேர்வில் வரிசையாகச் சொல்ல அது உதவும், வயிற்றைத் திறந்தால் உதவாது. தெரிந்துகொள்ள வேண்டியது, யார் பிறப்பிலேயே பின்னால் இருந்தவர், யார் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர் என்பது. சிறுநீரகம், அட்ரினல், பெருந்தமனி ஆகியவை முதல் வகை. முன்சிறுகுடலில் (டியோடினம்) முதல் பகுதி நீங்கலாக, கணையத்தில் வால் நீங்கலாக, ஏறு பெருங்குடல், இறங்கு பெருங்குடல் ஆகியவை இரண்டாம் வகை. ஒட்டிக்கொண்ட இடத்தில் பெரிய குழாய்கள் கிடையாது. பெருங்குடலின் வெளி ஓரத்து வெள்ளைக் கோட்டில் வெட்டினால் அது இரத்தமில்லாமல் பெயர்ந்து வருவது அதனால்தான்.

அடுக்குகளைக் கையால் உணர, சௌகிட் சந்தையில் ஆட்டுக் கிட்னியைக் கொழுப்போடு கேட்டு வாங்குங்கள். கொழுப்பை உரித்தால் மெல்லிய உறை தனியே கழன்று வரும். நெடுக்கில் வெட்டிப் பார்த்தால் கூம்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மேடாகத் தெரியும். மனிதக் கிட்னி அப்படி இல்லை, தனித்தனிக் கூம்புகள் கொண்டது. புடு சந்தையில் கிடைக்கும் பன்றிக் கிட்னி அதற்கு நெருக்கமானது.

பின்னறையில் நடக்கும் விபரீதம் முன்வயிற்றில் தெரியாது என்பதைக் கடைசி வரை நினைவில் வையுங்கள். விபத்தில் காரின் சீட் பெல்ட் அழுத்தி முன்சிறுகுடலின் பின்பக்கம் கிழிந்தால், உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியாமல் வலது கிட்னியைச் சுற்றித் தெரியலாம். லிட்டர் கணக்கில் இரத்தம் அங்கே தேங்கினாலும், அவசரப் பிரிவின் சட்டென்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் சுத்தம் என்று சொல்லலாம். அறுபது கடந்த ஐயா ஒருவர், வாழ்க்கையில் முதல் முறையாக இடப்பக்க விலாவில் கல் வலி என்று வந்தால், கல்லைத் தேடும் முன் பெருந்தமனியின் குறுக்களவை அளந்துவிடுங்கள். இயல்பு சுமார் 2 செ.மீ., 3 வந்தாலே வீக்கம், ஆண்களில் 5.5 எட்டினால் அறுவைக்கான பேச்சு. வலியோடு வருபவருக்கு அந்த எண்வரை காத்திருக்கக் கூடாது.