ஊரோ, ஸ்டேசனோ, பியரோ?

தலைமன்னார் என்று சொன்னால், தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். "எந்தத் தலைமன்னார்? ஊரோ, ஸ்டேசனோ, பியரோ?" என்பார்கள். நான் பியர், அதாவது கப்பல் துறை. கோச்சியும் (எங்களுக்கு ரயில் என்றால் கோச்சி) கப்பலும் சந்திப்பதற்கென்றே உண்டான குடியிருப்பு அது. அப்பா தண்டவாளம் மாற்றிவிடுகிற பொயின்ற்ஸ்மன், அதனால் எங்களுக்கு ரயில்வே கோட்டர்ஸ்.

1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு, மதவாச்சியிலிருந்து வந்த பாதையும் இங்கே கடலைத் தொட்டது. இராமர் அணைத் திட்டுகள் மேல் பாலம் போட்டு முழுத்தூரமும் ரயில் விடும் யோசனையும் இருந்ததாம். செலவு பயமுறுத்தியிருக்க வேண்டும், கப்பலோடு நின்றுவிட்டார்கள். அந்த நாட்களில் சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டைக்கு வரலாம். ஆனால் அக்கரையில் மீற்றர் பாதை, இக்கரையில் 5 அடி 6 அங்குலம். எங்கள் சண்டைகளில் "எங்கட கோச்சிதான் பெரிசு" என்பதற்கு இந்தக் கணக்கே ஆதாரம்.

1964 டிசம்பர்ப் புயல், அக்கரையில் கப்பல் புறப்படும் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. அதே வருடம் ஒக்டோபரில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான மலையகத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கொழும்பும் டில்லியும் பேசி முடித்தன. போகிறவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. எழுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் ஸ்டேசனுக்கு ஓடினால், மேடை முழுக்கத் தகரப் பெட்டிகளும் துணி மூட்டைகளும். ஒப்பாரிச் சத்தம் எங்கள் கோட்டர்ஸ் வரை கேட்கும். கோச்சி வந்தாலே குதூகலிக்கிற நாங்கள் அந்த நாட்களில் மட்டும் வேலியோரம் பேசாமல் நிற்போம்.

ஒருநாள் ஒரு ஆச்சி அம்மியும் குழவியுமாக இறங்கினா. சுமை தூக்கும் நாட்டாமை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ர கூலிக்குப் புது அம்மியே வாங்கலாம் ஆச்சி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "நீயே வச்சு அரைச்சுக்க தாயி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போனா. மலையகத்துக் கருங்கல். நடுவில் பள்ளம் விழுந்து, கை வழுக்குகிற மாதிரி மினுங்கும். அதில் முதல்நாள் அரைத்த சம்பலை அம்மா வாயில் வைக்கவில்லை.

1983க்குப் பிறகு கப்பல் நின்றது. 1990இல் யுத்தத்தால் கோச்சியும் நின்றது. அந்த வருடமே நாங்களும் வள்ளம் ஏறினோம். கொண்டுபோய்ச் சேர்த்தது தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில். அந்த ஆச்சியும் இதே வாசலால்தான் போயிருப்பா என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. அம்மியை நாங்களும் தூக்கவில்லை.

2015இல் பாதையைத் திரும்பப் போட்டார்கள். போன வருடம் கோட்டையில் ஏறி பியரில் இறங்கினேன். தண்டவாளம் புதிது, கப்பல் மட்டும் இல்லை. கோட்டர்ஸ் இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு ஒன்றுதான் மிச்சம். பக்கத்து வளவில் நின்ற பெண்ணிடம் அம்மியைப் பற்றி விசாரித்தேன்.

"அம்மியோ? இப்ப ஆர் ஐயா அரைக்கினம்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றா.

குடித்தேன். நல்ல சாயம்.