நாலு டிபியும் பழைய சிபியுவும்

ஜூன் 3, செவ்வாய்
ஸ்டுடியோ சிஸ்டத்தில் மிச்சம் 11 ஜிபி. வைகாசிக் கல்யாணம் எல்லாம் அதற்குள்தான் அடைந்து கிடக்கிறது. 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிட்டேன். “விண்டோஸ் 7 மெஷின், ஏறுமா?” என்றேன். “மாட்டுங்க, ஏறும்” என்றார் கடைக்காரர்.

ஜூன் 4, புதன்
மூடியைக் கழற்றினால் உள்ளே தர்மபுரிப் புழுதி மொத்தமும். ப்ளோயர் அடித்து முடிக்கவே அரை மணி. டேட்டா கேபிள் மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் இரண்டாவது சாட்டா போர்ட்டில் உட்கார்ந்தது. பவருக்குத்தான் சாட்டா முனை காலியில்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் பழைய நாலு பின் முனை ஒன்று சும்மா தொங்கியது. தம்பி நாலு ரோட்டுக்கு ஓடிப்போய் கன்வெர்ட்டர் கேபிள் வாங்கி வந்தான்.

ஜூன் 5, வியாழன்
சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸில் டிஸ்க் பெயர் வருகிறது, மை கம்ப்யூட்டரில் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் எம்பிஆரா, ஜிபிடியா என்று ஒரு பெட்டி கேட்டது. டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகள் அவை. படிக்காமல் ஓகே கொடுத்தேன், அது எம்பிஆர். 2048 ஜிபிக்கு ஒரு பகுதி பிரித்து, அதாவது பார்ட்டிஷன் போட்ட பிறகு பார்த்தால், மீதி 1678 ஜிபி தொட முடியாமல் நிற்கிறது. ரைட் கிளிக் செய்தால் எல்லாமே மங்கல்.

கிருஷ்ணகிரி மச்சானுக்கு போன் போட்டேன். “வீட்டு நம்பர் எழுத நாலு கட்டம்தான் இருக்குன்னா 9999க்கு மேல எப்படி எழுதுவ மாப்ள? டிஸ்க்ல இருக்கிற சின்னச் சின்னக் கட்டம்தான் செக்டர், எம்பிஆர்ல அதோட நம்பருக்கு 32 பிட்தான். ஒரு செக்டர் 512 பைட், பெருக்கிப் பாரு, 2 டிபியோட சரி. ஜிபிடில 64 பிட்.”

பழைய பயாஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் 7-ஐக் கிளப்பாதாம். ஆனால் என் சி டிரைவ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கிறது, இது வெறும் குடோன்தான், அதனால் பிரச்சினை இல்லையாம். போட்ட பார்ட்டிஷனை அழித்தால்தான் ஜிபிடிக்கு மாற்ற விடும். டிஸ்க் 1, டிஸ்க் 1 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழித்தேன். டிஸ்க் 0-வில் ஊர்க் கல்யாணம் அத்தனையும் இருக்கிறதே!

இப்போது ஒரே கட்டமாக 3726 ஜிபி. “274 ஜிபி எங்கண்ணா போச்சு?” என்றான் தம்பி. எங்கேயும் போகவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது.

ஜூன் 6, வெள்ளி
குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டேன். முழு ஃபார்மட் என்றால் ஒவ்வொரு செக்டரிலும் சைபர் எழுதிப் பார்க்கும், கெட்ட இடம் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டேன். நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கத்தி ஓய்ந்து, எல்லாம் வீண்.

ஜூன் 7, சனி
காலை ஏழுக்கு மறுபடி போட்டேன். மூன்று மணிக்கு முடிந்தது. முதலில் பாலக்கோடு கல்யாணம் காப்பி ஆகிறது. பழையதை இன்னும் அழிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள், ஆல்பம் எப்போது என்று.