அல்சூர் மனையிலிருந்து ஓட்டன் வரை: பத்திரத் தேடல், இதுவரை

குடும்ப மரம் வரையப் பழைய பத்திரங்களைத் தேடும்போது, பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பத்து முனிசாமி வருவார்கள். மனையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே முனிசாமிதான். இந்தத் தேடல் நகர்ந்ததும் மனையை வைத்துத்தான். தொடக்கத்தில் இருந்தது 1971-72-ல் தாத்தா பெங்களூர் அல்சூர் வீட்டை விற்ற கிரயப் பத்திரத்தின் நகல் மட்டும். இன்றைக்குத் தேடல் 1926-ல் நிற்கிறது, நடுவில் ஓர் ஓட்டையோடு.

கிரயப் பத்திரத்தில் விலையும் கையெழுத்தும் பிறகு. விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்திதான் வேண்டியது. முந்தைய பத்திரத்தின் எண், ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்கம் அங்கேதான் இருக்கும். நகல் மனுவுக்கு இவை எல்லாமே தேவை. வால்யூம் எண் விட்டுப்போனால் இண்டெக்ஸ் தேடலில் இன்னொரு நாள் போகும். எண்ணுக்குப் பின் 1948-49 என்று இரட்டை ஆண்டு வந்தால் மைசூர்-கர்நாடக வழக்கம், 1948 என்று ஒற்றையாக வந்தால் மெட்ராஸ் வழக்கம். எந்த ஊர் அலுவலகம் என்பதற்கு அதுவே முதல் துப்பு. தாத்தாவின் பத்திரம் காட்டிய வழி 1948-49 பாகப்பிரிவினைக்குப் போனது. அந்தப் பாகப்பிரிவினை, ஓட்டன் (பூட்டனின் தகப்பன்) 1926-ல் மனையை வாங்கியதையும், பூட்டனுக்கு (தாத்தாவின் தகப்பன்) அது உயில் மூலம் வந்ததையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. உயிலுக்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டால் உயில் வந்துவிடும் என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இந்தச் சான்று, பதிவு அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தின் இண்டெக்ஸிலிருந்து எடுக்கப்படுவது. உயில் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். ஆகவே இ.சி.யில் 1926 கிரயம், அடுத்து 1948-49 பாகப்பிரிவினை, இடையில் வெறுமை. அந்த வெறுமைதான் ஒரு சாவு நடந்த காலம் என்று குறித்துக்கொள்ளலாம். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் பெரும்பாலும் 2004-க்குப் பிந்தையதுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனை எண், பழைய கத்தா (நகராட்சிச் சொத்துவரிக் கணக்கு) எண், நான்கு பக்கச் செக்குபந்தி (எல்லை விவரம்) எல்லாம் எழுதிக் கையால் தேட மனுக் கொடுக்க வேண்டும். எல்லையை இன்றைய தெருப் பெயரில் எழுதாதீர்கள். பத்திரத்தில் 'கிழக்கே இன்னார் வீடு' என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். அந்த இன்னார் பாதி நேரம் சம்பந்தியாகவோ பங்காளியாகவோ இருப்பார்.

மூன்றாம் புத்தகத்தை எல்லாரும் பார்க்க முடியாது. 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் தரலாம். இறப்புச் சான்று இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்த உயில்கள் ஐந்தாம் புத்தகத்தில் இருக்கும், அதையும் கேட்க மறக்க வேண்டாம். ஆனால் உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெட்டிக்குள்ளேயே கிடந்து செல்லரித்துப் போனதும் உண்டு.

இன்னொரு கணக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன் பிரியாத குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒருவர் உயில் எழுத முடியாது. ஆகவே அந்தக் காலத்து உயில் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் சுயார்ஜித சொத்து, அதாவது அவரே சம்பாதித்தது. பரம்பரை நிலத்துக்கு உயில் தேடி அலைவதைவிடப் பாகப்பிரிவினையைத் தேடுவது மேல். பாகப்பிரிவினையில் பெண்கள் பெயர் வராத குறைக்கு ஒரு விதிவிலக்கு மைசூர் சமஸ்தானம். 1933-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தாய்க்கும் மணமாகாத மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அல்சூர் இருந்த கண்டோன்மெண்ட் (பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த பெங்களூர்ப் பகுதி) 1947 ஜூலை வரை சமஸ்தானத்தின் கையில் இல்லை. சமஸ்தானத்தின் கையில் இருந்த சிக்பேட்டைப் பத்திரத்தில் கிடைக்கும் பாட்டி பெயர் அதே வருஷத்து அல்சூர் பத்திரத்தில் கிடைக்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

பெயர் எழுத்தில் படும் பாடு தனி. ஆங்கில இண்டெக்ஸில் ஏழுமலையை ஈ-யிலும் தேட வேண்டும், ஒய்-யிலும் தேட வேண்டும். தனபாக்கியம் டி-யில் (D) ஒரு தடவை, டீ-எச்சில் (Th) ஒரு தடவை. கன்னடத்தில் ழகரம் வழக்கில் இல்லாததால் ஏழுமலை லகரத்திலோ ளகரத்திலோ உட்கார்ந்திருப்பார். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதனால் தகப்பன் பெயரை ஒட்டாமல் எந்தப் பெயரையும் மரத்தில் ஏற்றக் கூடாது.

1926 பத்திரம் ஓட்டனின் சொந்த ஊரை வட ஆற்காடு ஜில்லா என்று காட்டுகிறது. அந்த ஜில்லா இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்திருக்கிறது. 1911-க்கு முந்தைய பத்திரமாக இருந்தால் சித்தூர்ப் பக்கமும் கணக்கில் வரும். தாலுகா பெயர் இல்லாமல் இந்த இடத்தில் இறங்குவது வீண்.

ஊர்ப் பத்திரங்கள் தமிழில் வரும்போது ஆண்டு ௲௯௱௨௰௬ என்று இருக்கும், அதுதான் 1926. ௰ என்பதை யகரமாக எண்ணிப் படியெடுத்த நகல்களும் உண்டு. ௸ கண்டால் மேற்படி, ௹ ரூபாய். வெறும் அட்சய வருஷம் என்று இருந்தால் 1866-67 ஆகவும் இருக்கலாம், 1926-27 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷம் தவறினால் இரண்டு தலைமுறை தவறும். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1336 என்றால் 1926 ஜூலை முதல் 1927 ஜூன் வரை. இரண்டும் இல்லாவிட்டால் முத்திரைத்தாள் விற்றவர் பின்பக்கம் எழுதிய தேதி.

அடுத்தது: 1926 முதல் 1949 வரை மூன்றாம் புத்தக இண்டெக்ஸ், ஓட்டன் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்துகளிலும். 1926 பத்திரத்தின் அடியில் சாட்சி போட்ட இரண்டு பேரின் ஊரையும் இன்னும் பார்க்கவில்லை.