ஒரு ரோல் துணிக்கு யார் பதில் போடுவார்?

ஜூலை 4, 2025

திருச்சியில் புதிதாகக் குழந்தை உடுப்புத் தொழில் தொடங்கியிருக்கிறேன். துணி கேட்டுத் திருப்பூருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் ஒன்றுக்குக்கூட இதுவரை பதில் இல்லை. கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பிறந்த குழந்தைக்கான ஜப்லாவும் சின்ன பேன்ட்டும் தைக்க இன்டர்லாக் துணி, அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பின்னல் துணி. 40ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த) நூல், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), நான்கு நிறம், நிறத்துக்கு 25 கிலோ. எந்தத் தேதிக்குள் வேண்டும், பணம் எப்படித் தருவோம் என்பதையும் எழுதி, கீழே ஜிஎஸ்டி எண்ணும் போட்டிருந்தேன். படித்தவுடன் விலை சொல்லிவிடலாம். ஆனால் படித்தார்களா என்பதே தெரியவில்லை.

அதே கேள்வியை ஓர் இணையச் சந்தைத் தளத்தில் போட்டதும் நேர்மாறாக நடந்தது. டீ ஆறுவதற்குள் போன்கள். சூரத்திலிருந்து பாலியஸ்டர், லூதியானாவிலிருந்து ஃப்லீஸ். குழந்தைத் துணி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஜிகினா வைத்த ஃபிராக் படங்களாக அனுப்பினார். அங்கே நம் கேள்விதான் சரக்கு. அதைப் பல வியாபாரிகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், வாங்கியவர் மற்றவரை முந்தப் பார்க்கிறார். நாம் கேட்கும் துணியை அவர் விற்பாரா என்பது அப்புறம்தான்.

ஜூலை 9

மின்னஞ்சலை விட்டுவிட்டுப் போனில் இறங்கினேன். திருப்பூரில் யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யார் சொல்லிக் கூப்பிடுறீங்க?" யாரும் சொல்லவில்லை என்றால் அடுத்தது, "எத்தனை கிலோங்க?" மொத்தமே 100 கிலோ என்று சொன்னதும் குரல் மாறிவிடும். மரியாதை குறையாது, அதைச் சொல்லியாக வேண்டும். "பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்பார்கள். அப்புறம் சொல்வதில்லை.

ஒருவர் மட்டும் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, லைனில் காத்திருக்கச் சொன்னார். திரும்ப வந்து, "ஜூன்லதான் பதிவே பண்ணியிருக்கீங்க போல" என்றார். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, ரிட்டர்ன் தாக்கல் செய்த விவரம் எல்லாம் யாருக்கும் தெரியும். நாம் அனுப்பும் லோகோ, கம்பெனி அறிமுகம் எதையும் அவர்கள் பார்ப்பதில்லை, இதைப் பார்க்கிறார்கள். நியாயம்தான்.

"கடன் கேக்கலைங்க, முழுப் பணமும் முன்னாடியே போட்டுடறேன்" என்றேன்.

"பணத்துக்கு இல்லீங்க. ஒரு கலருக்கு 25 கிலோவ வச்சுக்கிட்டு மிஷின் எப்படிங்க ஓட்டறது?"

ஜூலை 12

சனிக்கிழமை. யாரும் போனை எடுக்கவில்லை. எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் புலம்பினேன். சிரித்தார். "சனிக்கிழமை திருப்பூருக்குப் போன் பண்ணலாமாம்மா? அன்னைக்கு சம்பளப் பட்டுவாடா. முதலாளி பேங்குக்கும் கம்பெனிக்கும் ஓடிட்டிருப்பான்." அவர் திருச்சிக்கு வருவதற்கு முன் நெடுங்காலம் அங்கே பனியன் கம்பெனிகளில் கட்டிங் போட்டவர். தனக்குத் தெரிந்த ஒரு துணி ஸ்டாக்கிஸ்ட்டின் எண்ணைக் கொடுத்தார். "மில்லையும் சாயம் போடற டையிங்கையும் கேட்டா உங்களுக்குக் கிடைக்காது. இவர்ட்ட கேளுங்க. நான் அனுப்பினேன்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க."

சொன்னேன். ஒரு மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது: "வியாழக்கிழமை வாங்கம்மா, நேர்ல பார்த்துக்கலாம்."

ஜூலை 17

ஆடி ஒன்று. புது வேலை தொடங்காதே என்றார் மாமியார். துணி பார்க்கத்தான் போகிறேன், வாங்கப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

கடை என்று சொன்னாலும் அது ஒரு நீளமான கிடங்கு. சுவரோரம் கூரை வரைக்கும் ரோல்கள், ஒவ்வொன்றிலும் எடையும் லாட் எண்ணும் (எந்தத் தடவை சாயம் போட்டது என்பதற்கான எண்) எழுதிய சீட்டு. உள்ளே போனதும் மோர் வந்தது. நான் விஷயத்துக்கு வரும்முன் அவர் தன் போனை மேசையில் திருப்பி வைத்தார். "காலைலருந்து வந்தது, பாருங்க அம்மிணி."

வாட்ஸ்அப்பில் தெரியாத எண்கள் வரிசையாக. "ஹாய்." "ரேட்?" "காட்டன் துணி விலை அனுப்பவும்." "பிரைஸ் லிஸ்ட் ப்ளீஸ்." "சொந்தமா பிராண்டு ஆரம்பிக்கிறேன், எல்லா விவரமும் வேணும்." கடைசி ஆளுக்கு என்ன பதில் எழுத முடியும் என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இதற்கு நடுவில் என் செய்தியும் வந்திருந்தால் அவர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். நூல் நம்பரும் ஜிஎஸ்எம்மும் எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இரண்டாவது வரிக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

டையிங் மிஷின் கணக்கையும் அவர்தான் உடைத்துச் சொன்னார். 250 கிலோ கொள்ளும் மிஷினில் 25 கிலோவைப் போட்டால் நீராவி, ஆள், நேரம் எதுவும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடாது. அதோடு கழிவுநீர். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓட்ட முடியும். சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் தனியே பிரித்து எடுக்கிறார்கள். அந்தச் செலவு கிலோக் கூலியில் வந்து உட்காருகிறது. சின்ன சாம்பிள் மிஷின்களும் உண்டு, ஆனால் அதில் கூலி எகிறும்.

என் பக்கத்துக் கணக்கு வேறு. புதிதாகப் பிறந்த குழந்தையின் ஜப்லா ஒன்று 45 கிராம் வரும். கட்டிங் கழிவு போனால் கிலோவுக்குப் பதினெட்டு உருப்படி. 100 கிலோ ஒரே நிறத்தில் எடுத்தால் 1,800 மஞ்சள் ஜப்லா. அதை நான் யாருக்கு விற்பது? சாயப்பட்டறைக்காரர் கேட்பதும் நியாயம், என்னால் முடியாது என்பதும் நியாயம். நடுவில் நிற்பவர் இந்த ஸ்டாக்கிஸ்ட். அவர் தன் பெயரில் மொத்தமாகச் சாயம் போட்டு வைத்து, ரோல் கணக்கில் கொடுக்கிறார். ரோல் என்றால் 20லிருந்து 25 கிலோ. கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட. அந்த முப்பது ரூபாயைப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றுதான் நிபந்தனை: நிறம் நான் சொல்வதல்ல, அவரிடம் இருப்பது. வெள்ளை, வெண்ணெய் மஞ்சள், பிஸ்தா பச்சை, இளநீலம். நான் கலர் அட்டையில் தேடித் தேடி எடுத்து வைத்திருந்த செம்மண் நிறம் இல்லை. சரி, குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது.

ஜிஎஸ்எம் சோதித்துக் காட்டச் சொன்னேன். கைப்பிடி வைத்த வட்டக் கத்தியைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினார். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று அப்படியே கழன்று வந்தது. தங்கம் நிறுக்கும் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசில் 1.78 கிராம். நூறால் பெருக்கினால் 178. "180க்கு ரெண்டு குறையுது, பரவால்லீங்களா?" என்று அவரே கேட்டார். இரண்டு புள்ளிக் குறைவை வாயால் சொல்பவரிடம் வாங்கலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஜூலை 22

ஒவ்வொரு நிறத்திலும் கொண்டுவந்த துண்டைத் துவைத்துப் பார்த்தாயிற்று. பிஸ்தாவில் சுருக்கம் கொஞ்சம் அதிகம், பேட்டர்னில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாஸ்டர். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்ததில் எந்த நிறமும் ஒட்டவில்லை. குழந்தைகள் காலரைச் சப்பும், அதனால் இதில் சமரசம் கிடையாது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு ரோலுக்குப் பணம் போட்டுவிட்டேன். ஆடியாவது ஒன்றாவது.

ஆகஸ்ட் 2

துணி முடிந்தால் பட்டன். குழந்தைத் துணிக்குத் தைக்கும் பட்டன் ஆகாது, பிரஸ் பட்டன்தான், அதிலும் நிக்கல் இல்லாதது. ஒருவர் சாம்பிளுக்கும் கூரியருக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டார். அதோடு சரி. செய்தி அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. தொகை சின்னது, எரிச்சல் பெரிது.

இந்த முறை துணிக்காரர் மூலமாகவே போனேன். அவர் இரண்டு பெயர் சொன்னார். செய்தியின் முதல் வரியில் அவர் பெயர், இரண்டாவதில் எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் 144 பட்டன்), எந்த அளவு, மூன்றாவதில் இன்றே பணம் போடத் தயார் என்பது. கூடவே துணியின் கனத்தைக் காட்டும் ஒரு படம், ஏனென்றால் பட்டன் பிடிப்பது துணியின் கனத்தைப் பொறுத்தது. இரண்டு பேருமே அன்று மாலைக்குள் பேசினார்கள். வணக்கம், நலமா, எங்கள் நிறுவனம் இன்னது என்று தொடங்கும் நீண்ட அறிமுகங்களை இனி எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 8

நேற்றிலிருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போடுகிறது. 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 என்று அறிவிப்பும் வந்துவிட்டது. என் ஜப்லா ஸ்ரீரங்கத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம், எனக்கும் அமெரிக்காவுக்கும் என்ன என்று செய்தியைத் தள்ளிவிட்டேன். துணிக்காரரிடம் பேசியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அவருடைய ரோலில் பாதி, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் சின்ன யூனிட்டுகளுக்குப் போவது.

ஆகஸ்ட் 29

புதன்கிழமை, பிள்ளையார் சதுர்த்தியன்று, வரி 50 சதவீதமானது. இன்று காலை ஒரு போன்.

"மேடம், ஜூலைல ஒரு மெயில் போட்டிருந்தீங்களே, குழந்தைத் துணிக்கு?"

ஏற்றுமதி செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். துணி, தையல், பட்டன், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஸ்டைலுக்கு 300 பீஸ் போதுமாம். ஜூலையில் இதே கம்பெனிக்கு நான் போன் செய்தபோது 3,000 பீஸுக்குக் கீழே பேசவே இல்லை. மாலைக்குள் இன்னொருவரும் கூப்பிட்டார். நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் எங்கோ பத்திரமாக இருந்திருக்கின்றன!

மகிழ்ச்சி வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பையன் பேசும்போது பின்னால் தையல் மிஷின் சத்தமே இல்லை. காலை பதினொரு மணிக்குத் திருப்பூர் கம்பெனியில் அப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது.

செப்டம்பர் 6

நேரில் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்கள், பாதிக்கு மேல் உறை போட்டு மூடியிருந்தன. சாம்பிள் அறையில் காட்டிய பாடிசூட்டின் (காலுக்கிடையில் பட்டன் போடும் குழந்தை உடுப்பு) கழுத்துப் பட்டி அவ்வளவு சுத்தம். எங்கள் தையல் யூனிட்டால் அப்படி அடிக்க முடியாது. விலையும் நாங்கள் திருச்சியில் தைப்பதைவிடக் குறைவு.

மெர்ச்சன்டைசரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அமெரிக்கா ஆர்டர் திரும்ப வந்துட்டா என் 300 பீஸ் என்னாகும் தம்பி?"

அவன் நேர்மையான பையன். "அப்ப தையல் லைன் கிடைக்கிறது கஷ்டம்தாங்க மேடம்" என்றான். பக்கத்திலிருந்த மேனேஜர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

என் வீட்டுக்காரர், விலை குறைவாகக் கிடைக்கும்போது எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடலாமே என்கிறார். வரி எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவரை லாபம்தானே என்பது அவர் கணக்கு. எனக்கு அது ஒப்பவில்லை. வேலை நெருக்கடியான ஜூலையில் எனக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தவரை, வேலை இல்லாத செப்டம்பரில் விட்டுவிட்டுப் போனால், அடுத்த ஜூலையில் யாரைக் கேட்பது? உணர்ச்சிவசப்படுகிறாய் என்கிறார். இது உணர்ச்சி இல்லை, சரக்கு நிற்காமல் வருவதற்கான ஏற்பாடு.

பாடிசூட் மட்டும் அந்தக் கம்பெனிக்கு, 300 பீஸ், பாதிப் பணம் முன்பணம். அதற்கான துணியும் என் ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்தே போகும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். மேனேஜர் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். ஜூலையில் இந்த நிபந்தனையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

செப்டம்பர் 11

துணிக்காரரிடம் இரண்டாவது ஆர்டர். பருத்தி இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19லிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களே, நூல் விலை இறங்குமா, கொஞ்சம் பொறுக்கவா என்று கேட்டேன். "நூல் இறங்கினா நானே சொல்றனுங்க. தீபாவளிக்குத் தைக்கணும்னா இப்ப எடுத்துருங்க" என்றார். சரி என்றேன்.

நடுவில் அவரே ஒரு விஷயம் கேட்டார். ஏற்றுமதி யூனிட்டுகள் எடுக்காமல் விட்ட செம்மண் நிறம் ஒரு லாட் கிடக்கிறதாம், ஜூலையில் நான் கேட்டது நினைவிருக்கிறதாம். வேண்டுமா? வேண்டும், ஒரு ரோல். பிஸ்தா இந்த முறை இரண்டு ரோல். பிஸ்தா புது லாட் என்பதால் நிறம் பிசகக்கூடும், பழைய துணியில் ஒரு துண்டு அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புவாராம். இன்றே கூரியரில் போட வேண்டும். சனிக்கிழமைக்கு முன்னால் அவர் கைக்குப் போயாக வேண்டும்.