குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதமும் வந்து சேர்ந்த பாக்கியும்

பம்புகளுக்கான வார்ப்பட உதிரிகளைச் செய்துதரும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். வடமாநில நிறுவனம் ஒன்று 2021இல் வாங்கிய சரக்குக்கு ஓராண்டாகியும் பணம் தராமல் இழுத்தடித்தது. வழக்கறிஞரிடம் போனபோது, கொள்முதல் ஆணையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதியொன்றை அவர் விரல் வைத்துக் காட்டினார்: பிணக்கு எழுந்தால் டெல்லியில், வாங்குபவர் நியமிக்கும் நடுவரிடம்தான் முறையிட வேண்டுமாம். வரவேண்டிய பாக்கியில் பெரும்பகுதி, அலைச்சலுக்கும் நடுவர் கட்டணத்துக்குமே சரியாகிவிடும் போலிருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் குடியரசுத் தலைவருக்கு எழுதினேன். சிறு உற்பத்தியாளர்களின் பாக்கிப் பிணக்குகளை அவரவர் ஊர்ப்பக்கத்திலேயே தீர்த்துவைக்கும் நடுவர் ஏற்பாடு நாடு முழுவதற்கும் வேண்டுமென்று நான்கு பக்கம் வாதாடியிருந்தேன். மனு உரிய அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று செயலகத்திலிருந்து சுருக்கமான பதில் வந்தது. அமைச்சகத்தின் கடிதத்தைப் படித்தபோதுதான் சற்று வெட்கமாகிவிட்டது. நான் கோரிய ஏற்பாடு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் 2006 முதலே இருக்கிறது. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், இத்தகைய பாக்கிப் பிணக்குகளுக்கென்று அச்சட்டப்படி விற்றவரின் வட்டாரத்தில் அமைந்த கவுன்சிலே அதை விசாரிக்கலாம். விண்ணப்பிக்க ‘சமாதான்’ என்ற இணையதளமும் 2017இலிருந்து உண்டு.

டெல்லி விதி குறுக்கே நிற்குமோ என்ற அச்சம், இந்தச் சட்டம் தனியார் நடுவர் ஒப்பந்தத்தையும் மீறிச் செல்லும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நீங்கியது. அதே தீர்ப்பு எனக்கு ஒரு அடியும் கொடுத்தது. சரக்கு அனுப்பிய நாளில் நிறுவனம் பதிவு பெற்றிருந்தால்தான் இச்சட்டத்தின் பயன் கிட்டும் என்றது அது. நானோ சோம்பலில், சிறு நிறுவனமாக அரசிடம் செய்துகொள்ளும் அந்த ‘உத்யம்’ பதிவைத் தள்ளிப்போட்டிருந்ததால், முதல் இரண்டு பில்களைக் கோரிக்கையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

மற்ற பில்களுக்கு டெலிவரி சலான்களே துணையாயின. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்பதால், ஸ்டோர் கீப்பர் குத்திய முத்திரையின் தேதியே எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரு சலானில் முத்திரை இருந்தது, தேதி மட்டும் மையில் கரைந்துபோயிருந்தது; லாரி வாடகை ரசீதைத் தேடியெடுத்து இணைத்தேன்.

கவுன்சிலில் முதலில் சமரசப் பேச்சு நடந்தது. எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கி, கடைசியில் சரக்கில் குறை என்று சொல்லிப் பார்த்தது. அதுவரை ஒரு மின்னஞ்சலில்கூட அப்படிச் சொன்னதில்லை. சமரசம் முறிந்ததும் கவுன்சிலே நடுவராக அமர்ந்து விசாரித்து, அசலோடு சட்டப்படியான வட்டியையும் தரச்சொல்லி உத்தரவிட்டது. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. விகிதம் 6.75 ஆக இருந்த மாதங்களுக்கு ஆண்டு வட்டி 20.25 விழுக்காடு என்று கணக்காளர் போட்டுக் காட்டியபோது நானே நம்பவில்லை.

அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போவதென்றால், தீர்ப்பான தொகையில் 75 விழுக்காட்டை அவர்கள் முன்கூட்டியே கட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தேன், இரண்டு தவணையில் பணம் வந்தது. அந்த முதல் இரண்டு பில்கள் மட்டும் இன்னும் வரவேண்டிய கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொரு மார்ச்சிலும் தணிக்கையாளர் அவற்றைப் பற்றிக் கேட்கிறார்.