விகடகவி ஏழு எழுத்தா?

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணினிக்கு மூன்று பேர். கடைசி வரிசையில் ஒருத்தி, புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டுத் தமிழில் 'விகடகவி' என்று அடித்திருந்தாள்.

"மிஸ், விகடகவியைத் திருப்பினா விகடகவிதானே வரணும்?"

திரையைப் பார்த்தேன். முதலில் புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம், அதன்மேல் இகரக் குறி. அடுத்து வ, க, ட. அப்புறம் கி. கடைசியில் மொட்டையாக ஒரு வ. இரண்டு சொல்லும் ஒன்றா என்று பார்க்க அவளே ஓர் இஃப் வரியும் சேர்த்திருந்தாள். அதற்கு 'இல்லை' என்று பதில் வந்திருந்தது.

"நீளம் கேட்டா ஏழுன்னு காட்டுது மிஸ். அஞ்செழுத்துதானே?"

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் சரியா வராதும்மா. பரீட்சைக்கு இங்கிலீஷ்லதான் வரும். மேடம்னு அடிச்சுப் பாரு, சரியா வரும்."

"சரிங்க மிஸ்" என்றாள். மேடம் சரியாக வந்தது. நான் அடுத்த கணினிக்குப் போய்விட்டேன். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டு முடியவில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளப் பயிற்சியை இன்னும் தொடவே இல்லை. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரித்துவைத்த மதிப்பெண்ணில் விகடகவிக்கு இடம் கிடையாது. அந்த 20 மதிப்பெண்ணை நம்பித்தான் பல பிள்ளைகள் இந்தப் பாடத்தில் கரையேறுகிறார்கள். அதை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு நான் செய்தது அநியாயமாகியிருக்கும். இதைச் சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் படுகிறது.

ஆனால் நேரமில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லையே. கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது என்றல்லவா சொன்னேன்.

அது உண்மையே இல்லை. தேர்வெல்லாம் முடிந்து, கோடை விடுமுறையில்தான் உட்கார்ந்து படித்தேன். பைத்தான் எண்ணுவது நாம் சொல்லும் எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீடுகளை, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் எண்களை. அதில் 'வி' என்பது இரண்டு குறியீடு: வ ஒன்று, இகரக் குறி ஒன்று. விகடகவியில் வி இரண்டு முறை வருவதால் ஐந்து ஏழாகிவிடுகிறது. திருப்பும்போது குறி முன்னால் வந்துவிடும். ஒட்டிக்கொள்ள முன்னால் எழுத்தில்லாத குறி புள்ளி வட்டத்தின்மேல் உட்காரும். இன்னொன்று பக்கத்திலிருக்கும் 'க'வைப் பிடித்துக்கொண்டு 'கி' ஆகிவிடும். அவ்வளவுதான் விஷயம். கணினி சொன்னதைத்தான் செய்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நம் இலக்கணத்தில் வ் தான் மெய், அதோடு அகரம் சேர்ந்தால் வ. யூனிகோடில் அப்படியே தலைகீழ்: வ ஒரு குறியீடு, வ் என்றால் அதோடு புள்ளியும் சேர்ந்து இரண்டு. தமிழ் எழுத்துகளாகவே பிரித்துக் கொடுக்க ஓபன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நிரலகமும் இருக்கிறது. கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம். எழுத்து என்றால் என்ன, அதைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைவிடப் பெரிய கணினி அறிவியல் பாடம் அந்த வருடம் எங்கள் லேபில் நடக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவள் அவள். நான் மூடிவைத்தேன்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது, உண்மைதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னதைவிடக் குறைவான சொற்கள்தான். என் தெரியாமையைத் தமிழின் தலையில் வைத்துவிட்டேன். தமிழ் வழியில் படிக்கும் ஒரு பெண்ணிடம், அவள் மொழிக்கு இந்த மெஷினில் இடமில்லை என்று அவளுடைய டீச்சரே சொன்னாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மேடம் என்ற விடைக்குக் கீழே பென்சிலால் விகடகவி என்று எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் 1, 2, 3, 4, 5 என்று போட்டு அழித்திருந்தாள். நான் சிவப்பு மையில் டிக் போட்டேன். அவள் செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கினாள், அப்புறம் பி.காம். சேர்ந்தாள். அதற்கு நான்தான் காரணம் என்று நினைப்பது அதிகப்படி என்று எனக்கே தெரியும். ஆனாலும் நினைக்கிறேன்.

இந்த வருடம் ஒரு பையன், பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஏன் சரியாக 0.3 வரவில்லை என்று கேட்டான். "தெரியலைப்பா, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். இரண்டு நாளில் சொல்லவும் சொன்னேன். ஆனால் அவன் கேட்டது ஜூலையில். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியவில்லை.