அந்தச் சாவடியின் ஓட்டு எண்ணப்படவே இல்லை

2024 மக்களவைத் தேர்தலில் சேலம் தொகுதியில் போட்டியிட்ட சுயேச்சை ஒருவருக்கு வாக்கு எண்ணும் முகவராக இருந்தேன். யார் ஜெயித்தார் என்பது ஊருக்கே தெரியும். மலையடிவாரத்துச் சாவடி ஒன்றின் ஓட்டுகள் கணக்கில் சேராமலே போனது பலருக்குத் தெரியாது. எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

முதல் இடைஞ்சல், எண்ணும் முகவரை நியமிக்கும் படிவம் 18-இல் தொடங்கியது. எண்ணிக்கைக்கு 3 நாட்களுக்கு முன்பே, மாலை 5 மணிக்குள் கொடுத்துவிட வேண்டிய படிவம் அது. கவுன்ட்டரில் இருந்தவர், "வேட்பாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேட்பாளரின் தேர்தல் முகவர் கையெழுத்திட்டாலே போதும். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 52-வது விதி அதைத்தான் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய் நீட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். நீங்களும் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு நண்பர் எங்களுக்கு உதவ வந்து வீணாக அலைந்தார். தன் ஊர் ஓட்டு எண்ணப்படும்போது உடனிருக்கலாம் என்று நினைத்திருந்தார். ஏற்காடு சேலம் மாவட்டம்தான். ஆனால் அந்தச் சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது. மலைக்காரர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜூன் 4 காலை வாசல் சோதனையில் செல்போனை ஒப்படைத்தேன். அது முறைதான். ஆனால் காவலர் என் கையிலிருந்த 17சி படிவ நகல்களையும் பிடுங்கப் பார்த்தார். "காகிதம் எதுவும் கூடாது சார்." பேனாவும் வெள்ளைத்தாளும் 17சி நகலும் அனுமதிக்கப்பட்டவை. எத்தனை ஓட்டுப் பதிவானது என்று வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் நம் முகவருக்குத் தரும் கணக்குதான் 17சி. அது இல்லாமல் உள்ளே போனால் வேடிக்கைதான் பார்க்க முடியும். மேலதிகாரி வரும்வரை நான் நகரவில்லை. நகல்கள் என்னோடு உள்ளே வந்தன.

8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். அரங்குக்கு 14 மேஜைகள், நடுவே கம்பிவலை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் முகவர்களுக்கு முன்வரிசை, சுயேச்சைகளுக்குக் கடைசி. எழுந்து நின்றால்தான் திரை தெரியும். நின்றேன்.

சில சுற்றுகள் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தச் சாவடியின் இயந்திரம் வந்தது. மேற்பார்வையாளர் அம்மா முத்திரையைக் காட்டினார், வரிசை எண்ணை வாசித்தார், மொத்தத்துக்கான பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்த எண்ணை என் தாளோடு ஒப்பிட்டேன். சரியாக 50 கூடுதல். உடனே குரல் கொடுத்தேன். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "விடுங்கள் அண்ணா, 50 ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார். அந்த அம்மா மட்டும் விரலை எடுத்துவிட்டு, "இருங்கள், கேட்டுவிடுகிறேன்" என்றார். அவருக்கு நன்றி.

உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர் வந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். காரணம் தெரிந்தது. வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். முடிந்ததும் அதை அழித்துவிட்டுத்தான் உண்மையான பதிவைத் தொடங்க வேண்டும். அங்கே அழிக்கவில்லை. அழித்ததாகச் சான்றிதழ் மட்டும் இருந்தது, முகவர்களின் கையெழுத்தோடு!

இயந்திரம் ஓரமாக வைக்கப்பட்டது. 2024-இல் இருந்த விதிப்படி, கடைசியில் வெற்றி வித்தியாசம் இப்படி ஒதுக்கிய சாவடிகளின் மொத்த ஓட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், போட்ட ஓட்டை அச்சிட்டு வைக்கும் விவிபேட் கருவியின் சீட்டுகளை எண்ணுவார்கள். வித்தியாசம் பெரிதென்றால் அப்போது எண்ண மாட்டார்கள். எங்கள் தொகுதியில் வித்தியாசம் மிகப் பெரிது. அன்றைய விதிப்படி சரிதான். ஆனாலும் சித்திரை வெயிலில் வரிசையில் நின்ற கிழவிகளின் ஓட்டு, யாருக்குப் போட்டார்கள் என்றுகூடத் தெரியாமல் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டதே! விரலில் மை மட்டும் மிச்சம்.

எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் விழும்வரை மேஜையை விட்டு விலகவில்லை. மறு எண்ணிக்கை கேட்பதும் இப்படித்தான்: வேட்பாளர்களின் மொத்த ஓட்டுகளைக் காட்டும் படிவம் 20-ஐ நிரப்பி அறிவித்த பிறகு, வெற்றியை அறிவிப்பதற்கு முன், காரணங்களோடு எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் அலுவலரும் காரணத்தை எழுதியாக வேண்டும். வெற்றிச் சான்றிதழ் கைமாறிய பிறகு மிஞ்சுவது, 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு மட்டுமே.

சாவடி முகவர்களாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் 5.30-க்கே அங்கே இருங்கள். மாதிரி ஓட்டு அழிக்கப்பட்டதும் மொத்தத்தை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பூஜ்யத்தை உங்கள் கண்ணால் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள்.